ஓர் இமைமுடியும் பதினேழு பெயர்களும்

நுண்படப் போட்டிக்கான அறிவிப்பு நான்கு பக்கம் வந்தது. மூன்றே முக்கால் பக்கம் விதிகள், மீதிக் கால் பக்கத்தில் போட்டிக் குழுத் தலைவரின் புகைப்படம். "கண்ணுக்குத் தெரியாத உலகின் பேரழகைக் கண்டெடுப்போம்" என்று மேலே ஒரு வாசகம் வேறு. வருடா வருடம் அறிவியல் மாநாட்டுக்கு முன்னால் அந்த அறிவிப்பு லென்ஸ் அக்காவின் அறைக்கும் வரும். அக்கா அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருக்கும் டீ மேஜையின் காலுக்கடியில் செருகிவிடுவாள். பதினோரு வருடத்தில் அந்த மேஜை ஓரளவு சமமாகியிருந்தது.

இந்த வருடம்தான் அக்கா அதை உட்கார்ந்து படித்தாள். படித்துத்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

அக்காவுக்கு வேலை ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில். மேலே லாரி போனால் படம் ஆடும் என்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பூமிக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், கூடவே அக்காவையும். ஆராய்ச்சியாளர்கள் சாம்பிளோடு இறங்கி வருவார்கள். "அக்கா, நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்பார்கள். டீ குடிக்க மேலே போய்விடுவார்கள். அக்கா நானூறு இடம் தேடிப் பார்ப்பாள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது இடம் கிழிந்தும் கசங்கியும் பாழாய்க் கிடக்கும். மிச்சமுள்ள ஒன்றைப் பிடித்துக் கொடுப்பாள். ஆய்வுக் கட்டுரையில் அந்தப் படத்துக்குக் கீழே "பொதுவாகக் காணப்படும் தோற்றம்" என்று போட்டிருக்கும். மேலே பதினான்கு பேர் பெயர் இருக்கும். அக்காவின் பெயர் இருக்காது.

அதைப் பற்றி அக்கா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இது அக்காவே சொல்லிக்கொள்வது. பழைய கட்டுரைகளின் நகலையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி, தான் எடுத்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டு வைத்திருந்தாள். கவலைப்படாதவர்கள் செய்கிற வேலையா அது? நீங்களே சொல்லுங்கள்.

அக்கா தற்காலிக ஊழியர். பதினோரு வருடத் தற்காலிகம். நிரந்தரம் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தாள். அவர் கோப்பை மூடியபடியே பேசினார்.

"அறிவியலுக்கு நீங்க பங்களிச்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்மா. உங்க பேரு அச்சுல இருக்கிற தாள். ஒண்ணே ஒண்ணு போதும். மாநாடு முடிஞ்ச திங்கக்கிழமை கொண்டாங்க."

"பதினோரு வருஷமா எல்லாப் படமும் நான்தானேங்க எடுக்கறேன்?"

"அப்படியா? எதுலயும் பேரக் காணோமே" என்று அவர் நிஜமாகவே வியந்தார்.

பக்கத்து அறைக் கத்திக்காரருக்கும் இதே கதைதான். அவருக்குப் பதின்மூன்று வருடத் தற்காலிகம். மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்க்க வேண்டுமானாலும் முதலில் அதைப் பிசினில் புதைத்து, இறுக வைத்து, வைரக் கத்தியால் சீவ வேண்டும். ஒரு தலைமயிரின் கனத்துக்குள் ஆயிரம் சீவல் அடுக்கலாம், அவ்வளவு மெல்லிசு. சீவல்கள் கத்திக்குப் பின்னால் உள்ள குட்டித் தொட்டியில், தண்ணீர் மேல் மிதக்கும். கையால் தொட முடியாது, இடுக்கியால் எடுக்க முடியாது. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரே ஒரு இமைமுடியை நகப்பூச்சால் ஒட்டி, அதனால்தான் தள்ளித் தள்ளி ஒதுக்க வேண்டும். உலகத்தில் இதற்கு இன்னும் வேறு கருவி வாய்க்கவில்லை. கத்திக்காரர் தன் இமைமுடியையே பிடுங்குவார். அதனால் அவருடைய இடது கண்ணில் இமைமுடி பாதிதான் இருக்கும். அக்காவைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் வராந்தா டியூப்லைட்டுக்கடியில் செத்துக் கிடந்த ஒரு விட்டில்பூச்சியை அவர் எடுத்துப் போனார். மூன்று வாரம், சாப்பாட்டு இடைவேளைகளில் மட்டும் வேலை செய்து, அதன் கண்ணைச் சீவினார்.

"அக்கா, சும்மா இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவந்து நீட்டினார்.

அக்கா பார்த்தாள். அடேயப்பா! திரை முழுக்க ஆறு மூலை அறைகள், ஒன்றோடொன்று ஒட்டி, அளவெடுத்து அடுக்கிய வரிசைகள். கொஞ்சம் நகர்த்தினாள். அத்தனை ஆறு மூலைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று ஐந்து மூலையில் இருந்தது. சுற்றியிருந்தவை அதற்கு இடம் கொடுத்துச் சற்றே வளைந்து நின்றன. அன்றைக்கு இரண்டு பேராசிரியர்களின் சாம்பிள்களைக் காத்திருக்க வைத்துவிட்டு அந்த ஐந்து மூலையையே ஒன்பது முறை படமெடுத்தாள்.

அந்தப் படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பினாள்.

அனுப்புவது லேசுப்பட்ட காரியமா? ஒன்பதாம் விதி, படத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்றது. பத்தாம் விதி, படம் கண்டிப்பாக வண்ணத்தில் இருக்க வேண்டும் என்றது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வருவதெல்லாம் கறுப்பு வெள்ளைதான். அக்கா மாடியேறிப் போய்ப் போட்டிக் குழுச் செயலாளர் அம்மாளிடம் கேட்டாள்.

"கலர் நாமதான் போடணும்" என்றார் அந்த அம்மாள்.

"மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"மாத்தறது வேற, மேம்படுத்தறது வேற. பச்ச போட்டீங்கன்னா மேம்படுத்தறது. போன வருஷம் ஒருத்தர் ஊதா போட்டார், அது மாத்தினதுன்னு ஆயிடுச்சு. நீங்க பச்சயே போட்டுடுங்க."

அக்கா பச்சை போட்டாள். விண்ணப்பத்தில் "படம் எடுத்தவர்" என்ற கட்டத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதற்குக் கீழே "இணைப் பங்களிப்பாளர்கள்: இடம் போதாவிடில் தனித்தாள் இணைக்கவும்" என்று ஒரு பெரிய கட்டம். அதில் ஒரு கோடு போட்டாள்.

வீட்டில், எலெக்ட்ரீஷியனான அவள் கணவர் கேட்டார். "அந்தப் பூச்சிக் கண்ண வெட்டினது உங்க கத்திக்காரர்தானே? அவர் பேரப் போட்டியா?"

"ஏங்க, இது படப் போட்டிங்க, வெட்டற போட்டியா? வெட்டினவரு, ஒட்டினவரு, கழுவினவருன்னு எல்லார் பேரையும் போட்டா தாள் பத்துமா?"

"நான் ஊரெல்லாம் ஒயரிங் பண்றேன். எந்தச் செவுத்துலயும் என் பேரு இல்லதான்" என்று அவர் ஒத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கத் தொடங்கினார். அக்காவுக்கு அந்த ஒத்துக்கொண்ட விதம் பிடிக்கவில்லை.

மாநாடு தொடங்கிய அன்று காலை ஒன்பது மணிக்குப் போட்டியே கவிழ்கிற நிலைமை வந்தது. நடுவர்கள் ஏழு பேர். தங்கள் படம் எதுவும் போட்டியில் இல்லை என்று அவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஏழு பேராலும் முடியவில்லை. முதலாமவர் பெயர் பதினெட்டுப் படங்களில் இருந்தது. இரண்டாமவருக்குத் தன் பெயர் எத்தனையில் இருக்கிறது என்றே தெரியவில்லை, மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டார். தலைவரின் பெயர் இருபத்தேழில்.

"இதுல என்ன தப்பு?" என்றார் தலைவர். "அந்த மெஷின் வந்த அன்னிக்கு ரிப்பன் வெட்டினது நான். நான் வெட்டலேன்னா அவங்க உள்ள எப்படிப் போயிருப்பாங்க? அந்த வகையில ஒவ்வொரு படத்துலயும் நான் இருக்கேன். இருபத்தேழுல போட்டிருக்காங்க. மிச்சம் முப்பத்தாறுல மறந்துட்டாங்க, நான் பெரிசு பண்ணல."

செயலாளர் அம்மாள் கணினியில் தேடினார். நுண்படம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் எந்தப் படத்திலும் பெயர் இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் நிலையம் முழுவதிலும் இல்லை, கத்திக்காரரின் பெயர்தான் கணினியிலேயே கிடையாதே. ஒன்றே ஒன்றில் மட்டும் பெயர் உள்ளவர் ஒருவர் இருந்தார். அடித்தளத்திலிருந்து லென்ஸ் அக்காவை அழைத்து வரச் சொன்னார்கள்.

"நீங்க நாப்பத்தொண்ணாம் நம்பர் படத்த வாபஸ் வாங்கிட்டா சுத்தமாயிடுவீங்க" என்றார் செயலாளர் அம்மாள்.

"ஐயையோ, அது மட்டும் வேண்டாங்க. எனக்குத் திங்கக்கிழமைக்குள்ள பேரு போட்ட தாள் ஒண்ணு வேணும்."

"நடுவருக்கும் சான்றிதழ் உண்டும்மா" என்றார் தலைவர். "தங்க ஓரம் போட்டது. உங்க பேரு, கீழ என் கையெழுத்து. பரிசு வாங்கறவனுக்கு வெறும் வெள்ளிதான்."

அக்கா யோசித்தாள். ஐந்து மூலை கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே தங்க ஓரமும் வந்து நின்றது. வாபஸ் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தொன்றாம் படத்தைப் பலகையிலிருந்து எடுக்க முடியவில்லை, பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. அதன்மேல் "பார்வைக்கு மட்டும்" என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். மற்ற அறுபத்திரண்டு படங்களும் எதற்காம் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா மதிப்பெண் தாளோடு மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் படம் அவள் எடுத்தது. இரண்டாவதும் அவள் எடுத்தது. மூன்றாவது, காய்ச்சலோடு வந்து எடுத்தது. மொத்தம் அறுபத்திரண்டும் அவள் எடுத்தவைதான். ஆனால் தலைப்புகளைத்தான் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "நட்சத்திரங்களின் தாயகம்" என்று ஒன்று. சாயத்தைச் சரியாகக் கழுவாததால் படிந்த ஈயப் புள்ளிகள் அவை. அன்றைக்கே அக்கா சொன்னாள், கேட்டால்தானே? "ஒரு செல்லின் இறுதி நடனம்" என்று இன்னொன்று. சூடு தாங்காமல் சீவல் கிழிந்து சுருண்டுகொண்டது, அவ்வளவுதான் நடனம். "கனவின் மடிப்புகள்" நிஜமாகவே மடிப்புதான். ஒரு படத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அக்கா சொன்னபோது அந்தக் குழு பதறவில்லை. இந்தப் பக்கம்தான் ஆழம் அதிகமாகத் தெரிகிறது என்றார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அரை மணி நேரத்தில் அக்கா மாறிப்போனாள். முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்து "ம்ம்..." என்றாள். அந்த "ம்ம்" என்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, ஆனால் பக்கத்தில் நின்ற முனைவர்களின் முகம் வெளுத்தது. ஒரு பேராசிரியர் ஓடிப்போய் அவளுக்கு டீ வாங்கி வந்தார். பதினோரு வருடமாக அக்கா வேலை செய்யும்போது டீ குடிக்கப் போனவர் அவர். அக்கா டீயை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர கம்மி" என்றாள். அவர் மறுபடியும் ஓடினார். அக்காவுக்கே தன்னைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகவும் இருந்தது.

மதிப்பெண் மட்டும் நேர்மையாகப் போட்டாள். ஃபோகஸ் தவறிய படங்களுக்குத் தயங்காமல் குறைத்தாள். குறைத்த பிறகுதான் தவறவிட்டது யார் என்று ஞாபகம் வந்து, ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கூட்டினாள்.

மாலை நான்கு மணிக்குப் பரிசளிப்பு. மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் கத்திக்காரர் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"படம் எடுப்பது யார் என்பது ஒரு சின்ன விஷயம். பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அந்தப் பொத்தான் அங்கே இருக்கும்படி செய்தது யார்? அதுதான் அறிவியல். இந்தப் போட்டியில் நாங்கள் நேர்மையை எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடிக்கிறோம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என் படங்கள் இருபத்தேழு போட்டியில் இருந்தும், நான் நடுவராக இல்லை. தலைவராக மட்டுமே இருக்கிறேன்."

பலத்த கைதட்டல்.

அறிவிப்பில் பதினான்காம் விதி என்று ஒன்று இருந்தது. போன வருடம் தன் எதிரியின் மாணவன் பரிசு வாங்கிய எரிச்சலில் தலைவரே சேர்த்தது. பரிசு பெறுபவர் மேடையில் நடுவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போகும். கேள்வியை அட்டையில் அச்சடித்தே அக்காவின் கையில் கொடுத்திருந்தார்கள்.

முதல் பரிசு "நட்சத்திரங்களின் தாயக"த்துக்கு. ஈயமோ பித்தளையோ, ஃபோகஸ் பிரமாதம் என்று அக்கா போட்டிருந்தாள். டீ வாங்கி வந்த பேராசிரியர்தான் மேடையேறினார்.

"இந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள்?" என்று அக்கா அட்டையைப் பார்த்து வாசித்தாள்.

"எங்கள் குழு ஐந்தாண்டுக் காலம் அரும்பாடுபட்டு..."

"எப்படி எடுத்தீங்க சார்?"

பேராசிரியர் கீழே பார்த்தார். கீழே இருந்த இணைப் பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பார்வை வரிசையாகப் போய்க் கடைசியில் ஒரு மாணவியிடம் நின்றது. அந்தப் பெண் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டாள். "சாம்பிளக் குடுத்துட்டு டீ குடிக்கப் போனோம் மேடம். வந்து பாத்தா படம் இருந்துச்சு."

பதினான்காம் விதிப்படி பரிசு இரண்டாமவருக்குப் போனது. அவரும் அதே டீக்கடைக்குத்தான் போயிருந்தார். மூன்றாமவர் தலைவரே. "எடுத்தது எப்படின்னா... முதல்ல ரிப்பன்..." என்று தொடங்கி அவர் நின்றார். நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாக ஏறி இறங்கினார்கள். மேடைப் படியில் கூட்டம் முட்டியது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து கத்திக்காரர் எழுந்தார். "ஏங்க, எதுக்குங்க இப்படி எல்லாரையும் ஏத்தி எறக்கறீங்க? அறுபத்திரெண்டையும் எடுத்தது லென்ஸ் அக்காதாங்க! எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். செயலாளர் அம்மாள் மட்டும் அவசரமாக விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அப்படீன்னா இவங்களுக்கு அறுபத்திரெண்டு படத்துலயும் தொடர்பு இருக்கு. இவங்க நடுவரா இருக்க முடியாது." இன்னொரு பக்கம் புரட்டினார். "நடுவரா இல்லேன்னா, நடுவரா இருக்கறதுக்காக வாங்கின வாபஸ் செல்லாது. வாபஸ் செல்லாதுன்னா நாப்பத்தொண்ணாம் படம் போட்டியில இருக்கு. எடுத்தவங்க பேரும் எழுதியிருக்கற பேரும் ஒண்ணா இருக்கற ஒரே படம் அதுதான். அம்மா, அந்த அட்டையக் கொடுங்க." வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்து வாசித்தார். "இந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள்?"

அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. எதிரே அறுநூறு பேர். திங்கட்கிழமைத் தாள் இதோ கைக்கெட்டும் தூரத்தில். ஒலிபெருக்கி அவள் வாயருகில் வந்தது. அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. எந்த மின்னழுத்தத்தில், எந்தத் துளை வைத்து, எலெக்ட்ரான் கற்றையை எவ்வளவு அடக்கி, ஐந்து மூலை நடுவில் வரும்படி எப்படித் திருப்பினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இப்படி யாரும் அவளை ஒருநாளும் கேட்டதில்லை. பேசியபடியே இருக்கலாம் போலிருந்தது.

"அபாரம்!" என்றார் தலைவர், தன் பரிசு போன துக்கத்தையும் மறந்து. "கண்ணை இவ்வளவு மெல்லிசாக வெட்டியதும் தாங்கள்தானா?"

"ஆமாங்க" என்றது அக்காவின் வாய்.

அக்கா அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. பேச்சின் வேகத்தில் வந்துவிட்டது என்று பிற்பாடு அவள் ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். வேகத்தில் வருகிற வார்த்தை ஏன் தனக்குச் சாதகமாகவே வருகிறது என்பதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

மண்டபம் அதிரக் கைதட்டியது. வெள்ளி ஓரம் போட்ட சான்றிதழில் அவள் பெயர் மட்டும், தனியாக. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கடைசி வரிசையில் கத்திக்காரர் எழுந்து நின்று எல்லோரையும்விட உரக்கத் தட்டிக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் போனாள்.

"அண்ணா, நான் வந்து... அங்க..."

"அட விடுங்கக்கா. மேடையில பயந்துட்டீங்க, அவ்வளவுதான். வெட்டினது வேற ஆளுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்தம்மா மறுபடியும் புஸ்தகத்தப் புரட்டியிருக்கும்" என்று சிரித்தார். பாதி இமைமுடி உள்ள அந்த இடது கண்ணும் சேர்ந்து சிரித்தது.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, திங்கட்கிழமை தாளோடு கிளம்பியிருப்பாள். மனுஷன் திட்டவில்லையே! அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அறுபத்திரண்டும் நான் எடுத்தது, நான் எடுத்தது என்று காலையிலிருந்து மண்டபத்தைச் சுற்றினாளே, அந்த அறுபத்திரண்டையும் சீவிக் கொடுத்தது யார்? அது ஒரு படத்தின் முன்னாலும் அவள் நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் காது சூடானது.

திரும்பி விடுவிடுவென்று மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "நான் சொன்னது பொய்ங்க. கண்ண வெட்டினது இவரு. அறுபத்திரெண்டையும் வெட்டினது இவருதான். இந்தத் தாள்ல அவர் பேரையும் போடுங்க. முதல்ல போடுங்க."

தலைவர் தகப்பன் மாதிரி அவள் பக்கம் சாய்ந்து, ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டார். "அது ஒரு விஷயமாம்மா? வெட்டினவரு, ஒட்டினவரு, கழுவினவருன்னு எல்லார் பேரையும் போட்டா தாள் பத்துமா?"

அக்கா அவரை உற்றுப் பார்த்தாள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தான் சொன்ன வாக்கியத்தை, ஒரு எழுத்துப் பிசகாமல், வேறொருவர் வாயில் கேட்பது சுகமான அனுபவம் இல்லை. "பத்தும்" என்றாள். "தனித்தாள் இணைக்கலாம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க."

செயலாளர் அம்மாள் புத்தகத்தைப் புரட்டினார். ஆறாம் விதி கிடைத்தது. ஒன்றுக்கு மேற்பட்டோர் பங்களித்த படமானால், பங்களித்த அனைவரின் பெயரும் பதவி வரிசையில் இடம்பெற வேண்டும்.

"ரெண்டே பேருதாங்க" என்றாள் அக்கா.

"மெஷினுக்கு ரிப்பன் வெட்டினது?" என்றார் தலைவர்.

"பச்ச போடச் சொன்னது நான்தானே?" என்றார் செயலாளர் அம்மாள்.

டீ வாங்கி வந்த பேராசிரியர் கையைத் தூக்கினார். காத்திருக்க வைக்கப்பட்ட சாம்பிள்களில் ஒன்று தன்னுடையது என்றும், தான் பொறுமையாகக் காத்திருக்காவிட்டால் அந்தப் படத்துக்கு நேரமே கிடைத்திருக்காது என்றும் விளக்கினார். நியாயமாகத்தான் இருந்தது. வராந்தாவில் டியூப்லைட் மாட்ட அனுமதித்த பொறியாளர் வந்தார். லைட் இல்லாவிட்டால் விட்டில் ஏது? ஐந்தரை மணிக்குச் சான்றிதழ் மறுபடியும் அச்சாகி வந்தது. பதினேழு பெயர்கள். முதலில் தலைவர். பதினாறாவது கத்திக்காரர். பதினேழாவது லென்ஸ் அக்கா.

"பைத்தியமாடி நீ?" என்றார் அவள் கணவர் அன்றைக்கு. கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அக்காவுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை இருவருமாகவே நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார்கள். அவர் சான்றிதழை வாங்கி மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். கடைசி இரண்டு பெயரைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"பேரு இருக்கு. சரி. ஆனா ஒரு தாளுக்கு ஒரு ஆளத்தான் நிரந்தரம் பண்ண முடியும்." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் படத்துக்கு நெஜமா வேல செஞ்சது யாரு?"

பதினோரு வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அக்கா ஏங்கிய கேள்வி. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுத் தொலைத்தார். அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, கத்திக்காரரைக் கைகாட்டினாள். "இவருதாங்க."

கைகாட்டிவிட்டு, அவரும் இப்போது பதறிப்போய்த் தன்னைக் கைகாட்டுவார், இல்லையில்லை அக்காதான் என்பார், தானும் இல்லையில்லை என்பாள், அலுவலர் கண் கலங்கி இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடுவார் என்று அரை நிமிடம் காத்திருந்தாள்.

"ஆமா சார், நான்தான்" என்றார் கத்திக்காரர். "மூணு வாரம் ஆச்சு சார்."

அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது அக்காவுக்கு முதலில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டாரே! பத்துப் படி இறங்கியதும் சிரிப்பு வந்தது. அவர் பங்குக்கு மூன்று வாரம் உழைத்தார், கேட்டதற்கு ஆமாம் என்றார். தான் உழைக்காததற்கே மேடையேறி ஆமாம் என்றவளாயிற்றே. அடித்தளம் வந்தபோது அவளுக்கு வயிறு வலிக்கிற அளவு சிரிப்பு. கத்திக்காரர் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார்.

"அக்கா, அடுத்த வருஷத்துக்கு ஒரு தும்பி புடிச்சு வெச்சிருக்கேன்" என்றார் அவர், தன் அறைக் கதவைத் திறந்து. "கண்ணு ரெண்டும் அருமையா இருக்கு. நாம ரெண்டு பேரு பேரும் போட்டே அனுப்பிடலாம். ஒரே ஒரு கஷ்டம்." இடது கண்ணைத் தடவிக்கொண்டார். "இமைமுடி தீந்துபோச்சு. வலது கண்ணுல கை வைக்க பயமா இருக்கு."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு டீ மேஜைக்குப் போய் உட்கார்ந்து, காலுக்கடியில் செருகியிருந்த பழைய அறிவிப்புகளில் ஒன்றை உருவினாள். மேஜை ஆடியது. அதோடு இணைந்திருந்த விண்ணப்பத்தை அவர் முன்னால் நீட்டி, பேனாவையும் கொடுத்தாள். இரண்டு விரலால் தன் இடது மேலிமையைப் பிடித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, ஒரு இழு இழுத்தாள். "ஆ!" என்று உயிர் போய் வந்தது. விரல் நுனியில் நீளமாக, வளைந்து, ஒரு முடி.

"இந்தாங்க. ஒண்ணு கிடைச்சிருச்சு. இப்ப வெட்டறதுலயும் நான் இருக்கேன். எழுதுங்க என் பேர. மேல எழுதுங்க."

கத்திக்காரர் முடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரு முடிக்கு முதல் பேராக்கா? அந்த ரிப்பன் வெட்டினவராவது முழுசா ஒரு ரிப்பன வெட்டினாரு."

"அவரு வெட்டினப்ப அவருக்கு வலிச்சுதா?" என்றாள் அக்கா, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "எழுதுங்க."